முளை அடிக்கும் முன் கம்பியைப் பாருங்கள்
ஆண்டிபட்டி வட்டாரத்தில் லெவல் பார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு படித்தவர்கள், பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தவர்கள், காண்ட்ராக்டரிடம் ஸ்டாஃப் பிடித்துப் பிடித்தே கருவியைக் கற்றுக்கொண்டவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுத்து, பைக்கின் பின்னால் உட்கார்ந்தவர் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, காலையில் கடமலைக்குண்டுப் பக்கம் வாய்க்கால், மதியம் சக்கம்பட்டியில் வாறுகால், சாயங்காலம் கண்டமனூரில் வீட்டு அஸ்திவாரம் என்று ஓடுகிறீர்கள். நீங்கள் அடிக்கும் முளையை நம்பித்தான் கொத்தனார் கயிறு கட்டுகிறார், ஜே.சி.பி. வாளியை இறக்குகிறது. அந்த முளையின் மட்டத்தை உங்களுக்குச் சொன்னது டெலஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியின் கிடைக்கோடு. அந்தக் கோடு சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதித்து எவ்வளவு நாளாயிற்று? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

துப்பாக்கி ஸ்கோப்பில் இருப்பதும் இதே குறுக்குக் கம்பிதான். ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு யாரும் நேராகப் போட்டிக்குப் போய்விடுவதில்லை. முதலில் தூரத்தில் ஒரு தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, நிற்கும் கம்பி அந்த நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கம்பி 3 பாகை சாய்ந்திருந்து, தூரத்துக்காகக் குறியை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தால், குண்டு பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். பிறகு தாளில் சுட்டு, துளை எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருகுகளைத் திருப்பிச் சரிசெய்வார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கம்பி தவறென்றால் அடுத்த நொடியே தாள் காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. நம் கம்பியின் தவறு, காங்கிரீட் போட்டு, பில் பாஸாகி, மழை பெய்து, மடை திறந்த பிறகு, தண்ணீர் நடுவழியில் தேங்கி நிற்கும்போதுதான் தெரியும். அப்போது நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. கடைமடைக்காரர்தான் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருப்பார்.

இதை மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்வதைவிட நமக்குச் சொல்ல அதிகக் காரணம் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி யாரோ மட்டம் பார்த்துக் கொடுத்த தண்ணீர். 1887-இல் தொடங்கி 1895-இல் திறந்த பெரியாறு அணையைப் பற்றிப் பேசும்போது அதைக் கட்டிய பென்னிகுவிக்கைக் கும்பிடுகிறோம். கும்பிட வேண்டியவர்தான். அந்த அணையின் பின்னால் தேங்கியது மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். அதை ஒரு மைலுக்குச் சற்று மேல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அணையில் 104 அடிக்கு மேல் தண்ணீர் நின்றால்தான் நமக்கு இறங்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த 104 என்ற எண், மலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் கருவியை வைத்து, கோட்டைப் பார்த்து, புத்தகத்தில் எழுதி, கூட்டிக் கழித்தவர்களின் கையிலிருந்து வந்தது. அவர்கள் பெயரை நாம் சொல்வதில்லை. அவர்கள் எழுதிய அளவில்தான் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது.

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் வைகை அணை 1959-இல் திறந்தது. தேக்கும் உயரம் 71 அடி. இதிலிருந்து உசிலம்பட்டிச் சீமைக்குப் போகும் 58 கிராமக் கால்வாயில், அணையின் நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் தண்ணீர் விட முடியும். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் போராடிக் கிடைத்த கால்வாய் அது. 2018-இல் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டபோது கரையோர ஊர்களில் மக்கள் பூத்தூவி வரவேற்றார்கள். முழுக் கொள்ளளவுக்கும் கால்வாய் தொடங்கும் மட்டத்துக்கும் இடையே இருப்பது நான்கே அடி. அந்த நான்கடிக்குள் நிற்கும் தண்ணீர்தான் கால்வாயில் இறங்கி இருபத்தேழு கிலோமீட்டர் போக வேண்டும், பள்ளம் வந்தால் தொட்டிப் பாலத்தில் ஏறிக் கடக்க வேண்டும். இப்படிப்பட்ட மண்ணில் மில்லிமீட்டரை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

மில்லிமீட்டர் என்றதும் சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கருவியின் பார்வைக் கோடு 60 மீட்டரில் 12 மில்லிமீட்டர் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 5000-க்கு 1. சமதரையில் ஓடும் கால்வாய்களுக்குக் கொடுக்கும் சரிவும் ஏறக்குறைய இதே அளவுதான். 5000-க்கு 1 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறக்கம். தெரிந்த மட்டக்கல்லுக்குப் பக்கத்தில், 20 மீட்டரில், மர நிழலாகப் பார்த்துக் கருவியை வைக்கிறீர்கள். முன்னே 60 மீட்டரில் முளை அடிக்கிறீர்கள். அடுத்த நிலையிலும் அப்படியே, பின்னால் 20, முன்னால் 60. ஒவ்வொரு நிலையிலும் 40 மீட்டர் வித்தியாசம், அதற்கு 8 மில்லிமீட்டர் பிழை. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை நிலை. ஆக, 10 சென்டிமீட்டர். தூரத்து ஸ்டாஃபில் நிஜத்தைவிடக் கூடுதலாகப் படிப்பதால், தரை நிஜத்தைவிடத் தாழ்வாக இருப்பதாக உங்கள் புத்தகம் சொல்லும். தோண்டுவது குறையும். 20 சென்டிமீட்டர் இறங்க வேண்டிய வாய்க்கால் 10 சென்டிமீட்டர்தான் இறங்கும். இதே போக்கில் 12 கிலோமீட்டர் போனால் பிழை 120 சென்டிமீட்டர், அதாவது நான்கடி. 58 கிராமக் கால்வாயில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நான்கடி எவ்வளவு சுலபமாகக் கரைந்துபோகும் என்று சொல்கிறேன்.

உங்களில் பலர் என்னிடம் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “ஐயா, இது ஆட்டோ லெவல். தானே மட்டம் ஆகிக்கொள்ளும்.” ஆட்டோ லெவலுக்குள் மெல்லிய கம்பிகளில் ஒரு பட்டகம் ஊசலாகத் தொங்குகிறது. வட்டக் குமிழை நடுவில் கொண்டுவந்த பிறகு மிச்சம் இருக்கும் சிறு சாய்வை அது ஈடுசெய்யும். அவ்வளவுதான் அதன் வேலை. குறுக்குக் கோடு பொறித்த கண்ணாடி தன் இடத்திலிருந்து இம்மி நகர்ந்திருந்தால் ஊசலுக்கு அது தெரியாது. ஊசலே ஏதோ ஒரு குலுக்கலில் நிலைமாறியிருந்தால், ஒவ்வொரு முறையும் அதே தவறான கோட்டில் மிகத் துல்லியமாக வந்து நிற்கும். பழைய டம்பி லெவலில் குமிழ் ஓடுவதைப் பார்த்தாவது சந்தேகம் வரும். ஆட்டோ லெவல் சந்தேகமே வராத மாதிரித் தவறு செய்யும். பெட்டியில் ஒட்டியிருக்கும் கேலிபரேஷன் ஸ்டிக்கரையும் நம்பி உட்காராதீர்கள். அது அந்தத் தேதியில் கருவி எப்படி இருந்தது என்று சொல்கிறது. அதன் பிறகு வருசநாட்டுச் சாலையில் அந்தக் கருவி எத்தனை குழியில் விழுந்து எழுந்தது என்று அதற்குத் தெரியாது.

சோதனைக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் இரண்டு முளைச் சோதனை என்று படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்தும் இருப்பீர்கள். காலையில், வெயில் ஏறும் முன், ஓரளவு சமமான தரையில் 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை உறுதியாக அடியுங்கள். ஒன்றை அ என்றும் மற்றதை ஆ என்றும் வைத்துக்கொள்வோம். டேப்பால் அளந்து சரியாக நடுவில் கருவியை நிறுத்தி இரண்டையும் படியுங்கள். அ-வில் 1.425, ஆ-வில் 1.180 வருகிறது என்றால், அ-வைவிட ஆ 0.245 மீட்டர் உயரம். உங்கள் கோடு எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இந்த 0.245 நிஜம். இரண்டு பக்கமும் தூரம் சமம் என்பதால் இரண்டிலும் ஒரே அளவு பிழை ஏறி, கழிக்கும்போது காணாமல் போய்விடுகிறது. கோணலான கருவியிலிருந்தும் உண்மையை வாங்கிவிடலாம் என்பது இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பிடித்த விஷயம்.

இப்போது கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அ-வுக்கு வெளிப்புறமாக இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள். அ-வைப் படியுங்கள், 1.510 என்று வைப்போம். இவ்வளவு பக்கத்தில் பிழை இருந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். 0.245-ஐக் கழித்தால் ஆ-வில் 1.265 வர வேண்டும். டெலஸ்கோப்பில் 1.277 தெரிகிறதா? 60 மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் பிழை. நான் மேலே கணக்குப் போட்ட அதே கருவி இது. மொத்தம் நான்கு ரீடிங், இரண்டு இடத்தில் ட்ரைபாட், பழகிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், 60 மீட்டரில் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நம் வட்டாரத்து வாய்க்கால், வாறுகால், சாலை வேலைகளுக்குத் தொந்தரவு இல்லை. அதற்கு மேல் என்றால் அன்றைக்கு அந்தக் கருவியோடு வேலைக்குப் போகாதீர்கள். கண் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் மூடிக்குள் இருக்கும் சரிசெய்யும் திருகை நீங்களே திருப்பலாம்; கற்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் முறை செய்யுங்கள். பழைய டம்பியில் எதிரெதிராக இருக்கும் திருகுகளில் ஒன்றைத் தளர்த்திவிட்டுத்தான் மற்றதை இறுக்க வேண்டும், இல்லையென்றால் மரை போய்விடும். திருப்பியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காமல் மறுபடி நான்கு ரீடிங்கும் எடுங்கள். திருப்பத் திருப்பக் கோடு நிற்காமல் ஓடினால் கருவியைக் கடையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு சின்னச் சோதனைகள் உண்டு. ஒரு தெளிவான புள்ளியைக் கிடைக்கோட்டின் இடது ஓரத்தில் பிடித்து, பக்கவாட்டுத் திருகை மெதுவாகத் திருப்புங்கள். புள்ளி வலது ஓரம் வரை கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். விலகினால் கோடு சாய்ந்திருக்கிறது. கோட்டின் ஓரத்தில் படித்த எந்த அளவும் பொய். இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது. டெலஸ்கோப் முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, கோடு கன்னங்கரேலென்று தெரியும் வரை கண் பக்கத்து வளையத்தைத் திருப்புங்கள். அதன் பிறகே ஸ்டாஃபைத் தெளிவாக்குங்கள். தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு ஸ்டாஃபின் மேல் மிதந்து நகர்ந்தால் இன்னும் கூர்மை சேரவில்லை என்று பொருள். இருவர் மாறி மாறிப் படித்து ஆளுக்கொரு எண் சொல்லிச் சண்டை போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். துப்பாக்கி சுடுபவர்களும் இந்தச் சோதனையைச் செய்வதுண்டு. ஆட்டோ லெவலுக்கு மட்டும் ஒன்று கூடுதல்: கோட்டைப் பார்த்துக்கொண்டே ட்ரைபாட் காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். கோடு துள்ளி அதே இடத்துக்குத் திரும்பினால் ஊசல் உயிரோடு இருக்கிறது. அசையாமல் கிடந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குறுக்குக் கம்பிக்கு நீண்ட கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காய்ன் என்பவர் டெலஸ்கோப்புக்குள் சிலந்தி இழை ஒன்று குறுக்கே ஓடியதைப் பார்த்து, அது பார்க்கும் பொருளோடு சேர்ந்தே தெளிவாகத் தெரிவதைக் கவனித்தார். அளக்கும் டெலஸ்கோப் அங்கேதான் பிறந்தது. பிற்காலத்தில் பல சர்வே கருவிகளில் உண்மையான சிலந்தி இழையையே நெடுங்காலம் ஒட்டினார்கள். இன்றைக்குக் கண்ணாடியில் பொறித்துவிடுகிறார்கள். அறுந்துபோகாது, ஆனால் இடம் மாறும்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். அவரிடம் இருந்த தியோடலைட் அரை டன் எடை, வட்டத் தட்டு மூன்றடி அகலம். தஞ்சாவூர்ச் சமவெளியில் மலை இல்லாததால் கோயில் கோபுரங்களில்தான் கருவியை ஏற்ற வேண்டும். 1808-இல் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வட்டம் நெளிந்துவிட்டது. வேறு யாராவது என்றால் ஓரளவு ஓடுகிறதே என்று வேலையைத் தொடர்ந்திருப்பார்கள், அல்லது கருவியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். லாம்ப்டன் கூடாரத்துக்குள் அதோடு உட்கார்ந்தார். ஆறு வாரம் ஆப்பு வைத்தும் திருகு போட்டும் இழுத்தும் தட்டியும் வட்டத்தை வட்டமாக்கினார். அதன் பிறகே அடுத்த கோணம் பார்த்தார். அந்தக் கருவி மேலும் பல ஆண்டுகள் இந்தியா நெடுக அளந்தது. ஒரு பெரிய நாட்டின் அளவை ஆறு வாரம் காத்திருந்தது. நம் வாய்க்கால் அரை மணி நேரம் காத்திருக்கலாம்.

காண்ட்ராக்டர் அவசரப்படுத்துவார், தெரியும். ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது என்பார். அப்படி ஒரு நெருக்கடியில் மாட்டினால் குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்: பின்னால் எத்தனை எட்டோ, முன்னாலும் அத்தனை எட்டு. தூரம் சமமாக இருந்தால் கோட்டின் சாய்வு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறாது. ஆனால் ஒரே இடத்தில் கருவியை வைத்து வரிசையாகப் பத்து முளை படிக்கிறீர்களே, அந்த இடைக் காட்சிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாய்க்கால் தரையும் வாறுகால் தரையும் பெரும்பாலும் அப்படித்தான் அடிக்கப்படுகின்றன. சந்தேகம் வந்தால் கொத்தனாரின் தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கிப் பக்கத்துப் பக்கத்து முளைகளில் வைத்துப் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இல்லாமல் இருந்தால் போதும், அது பொய் சொல்லாது. டிப்ளமோ படித்தவர் கொத்தனாரிடம் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம்.

நடுமதியத்தில் கணவாய்ப் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளியும்போது ஸ்டாஃபின் அடிப்பகுதி எண்கள் ஆடும். தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கீழே விழும் ரீடிங்கை அந்த நேரத்தில் எடுக்காதீர்கள், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

இனி என் வேண்டுகோள். சோதனையை ஒவ்வொருவரும் தனித்தனியாக முளை அடித்துச் செய்ய வேண்டியிருப்பதால்தான் யாரும் செய்வதில்லை. நாம் சேர்ந்து ஆண்டிபட்டியில் ஓர் இடம் பிடிப்போம். ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ பள்ளி மைதானத்திலோ அனுமதி கேட்போம். 60 மீட்டர் இடைவெளியில் ஆழமாகக் குழி எடுத்து இரண்டு காங்கிரீட் கல் ஊன்றி, தலையில் உருண்டை இரும்புக் குமிழ் பதிப்போம். ஒரு மழைக்காலம் போய் மண் இறுகிய பிறகு, நடுவிலிருந்து பல கருவிகளால் படித்து இரண்டு கல்லுக்குமான வித்தியாசத்தை ஒரு முறை உறுதிசெய்து கல்லிலேயே எழுதிவைப்போம். வித்தியாசம் தெரிந்துவிட்டால் பிறகு வருபவருக்கு ஒரே இடத்தில் ட்ரைபாட், இரண்டே ரீடிங், பத்து நிமிடம். வேலைக்குப் போகும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டுச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் கருவி எண்ணும் பிழையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாடகைக் கருவி வைத்திருப்பவர்கள் இதை எதிர்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்ல கருவி எது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.

இரண்டு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி, ஒரு நாள் உழைப்பு. சிமெண்டும் ஜல்லியும் என் பொறுப்பு. குழி வெட்டவும் ஸ்டாஃப் பிடிக்கவும் நீங்கள் வாருங்கள். தை பிறந்து வாய்க்கால் வேலைகள் தொடங்கும் முன் கல் நட்டுவிட வேண்டும். அதுவரை, ஒவ்வொரு புது வேலையின் லெவல் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் அந்த நான்கு ரீடிங்கை எழுதிவிட்டு, பிறகு முதல் முளையை அடியுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன் இதே மண்ணில் லெவல் பார்த்த ஒருவன்,
ஆண்டிபட்டி.